தவம் அண்ணை நித்திரையில் எடுத்த பாடம்

"தனிச்சோடியை விட்டிட்டீர்."

நேரம் மத்தியானம் இரண்டு மணி. பாரிசில், மார்க்ஸ் டோர்மோயில் எங்கள் வீட்டுக் குசினி மேசையில் நான் இருந்தேன். முன்னால் பிரெஞ்சு இரசாயனப் புத்தகம், ஆறிப்போன தேத்தண்ணி, ஒரு கிண்ணத்தில் ஊறின கொண்டைக்கடலை, ஒரு பெட்டி பல்லுக்குத்தி. கடலைதான் அணு, பல்லுக்குத்திதான் பிணைப்பு. அப்போதுதான் அமோனியா மூலக்கூறு ஒன்றைச் செய்து முடித்திருந்தேன். நடுவில் ஒரு கடலை, சுற்றிவர மூன்று கடலை. அது மேசையில் காற்றாடிபோலத் தட்டையாகக் கிடந்தது.

வெளியே மழை. கட்டடத்தின் நடு முற்றத்தில் குப்பைத்தொட்டி மூடிகளின் மேல் விழுந்துகொண்டிருந்தது. வீட்டுக்குள் வேறு சத்தம் இல்லை.

குரல் திரைக்குப் பின்னாலிருந்து வந்தது. அங்கே எங்களோடு குடியிருந்த தவம் அண்ணை படுத்திருந்தார்.

யாரோடோ ரெலிபோனில் கதைக்கிறார் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் தவம் அண்ணைக்கும் தனிச்சோடிக்கும் என்ன சம்பந்தம்? அது இரசாயனச் சொல். அணுவின் வெளிப்புறத்தில், எந்தப் பிணைப்பிலும் சேராமல் நிற்கிற இரண்டு இலத்திரன்களுக்கு நாங்கள் யாழ்ப்பாணத்தில் படித்த பெயர். அந்தச் சொல்லை யாராவது சொல்லி நான் கேட்டு எத்தனையோ வருடங்கள்.

எழும்பிப் போய்த் திரையை இரண்டு விரல் அகலத்துக்கு விலக்கிப் பார்த்தேன். ரெலிபோன் நிலத்தில் சார்ஜில் கிடந்தது. தவம் அண்ணை மல்லாந்து படுத்திருந்தார். கண் மூடியிருந்தது. வாய் மட்டும் அசைந்தது.

"நைதரசனிலை அஞ்சு. மூண்டு பிணைப்புக்குப் போட்டுது. மிச்சம் ரெண்டும் எங்கை?"

நிறுத்தினார். யாரோ பதில் சொல்லி முடிக்கிற அளவுக்கு ஒரு நிறுத்தம்.

"ஓம். அதையும் சேர்த்து எண்ணும். நாலு சோடி. இப்ப அந்த மூண்டும் தட்டையா இருக்கேலுமோ?"

போர்வைக்கு மேலே கிடந்த வலது கை மெல்ல எழும்பியது. மூன்று விரல்கள் முக்காலிக் கால்கள்போலக் கீழ்நோக்கி விரிந்து நின்றன. பிறகு கை தொப்பென்று விழுந்தது. குறட்டை வந்தது.

நான் மேசைக்குத் திரும்பி வந்து என்னுடைய அமோனியாவைப் பார்த்தேன். அது பிழை.

பாடத்தை நான் வாய்விட்டு வாசித்திருப்பேன், அது அவர் காதில் விழுந்திருக்கும் என்று பிறகு எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வாசித்தேனா என்பது இன்றைக்கும் நிச்சயமில்லை. வாசித்திருந்தாலும், நான் அதைத் தட்டையாகச் செய்துவைத்தது திரைக்குப் பின்னால் கண்மூடிப் படுத்திருந்தவருக்கு எப்படித் தெரியும்?

திரைக்குப் பின்னால் ஒரு கட்டில்

நாங்கள் வீடு எடுத்த கதையைச் சென்ற கிழமை இந்தப் பத்தியில் எழுதியிருந்தேன். வாசித்த அக்கா ஒருவர், "அந்த ஒண்டரை அறைக்குள்ளையும் ஆளை வைச்சிருந்தனீங்களோ?" என்று கேட்டிருந்தார். ஓம், வைத்திருந்தோம். அந்த நாளில் லா சப்பல் பக்கம் நடுவில் திரை தொங்காத தமிழ் வீடு குறைவு.

தவம் அண்ணை வன்னியிலிருந்து வந்தவர். ஐம்பது வயது இருக்கும். இவரோடு, அதாவது என் கணவரோடு, உணவகத்தில் வேலைசெய்த ஒருவர்தான் அவரைக் கூட்டிவந்து விட்டார். இரவு முழுக்க ஒரு பெரிய வெதுப்பகத்தில் பாண் சுடுகிற வேலை. விடிந்ததும் ஓர் அலுவலகத்தில் துப்புரவு. பன்னிரண்டு மணிக்குப் பகெத் என்கிற நீளப் பாண் ஒன்றைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வருவார். அது எங்களுக்கு. முழுகி, சாப்பிட்டு, ஒரு மணிக்குப் படுத்தால் ஆறு மணிக்குத்தான் எழும்புவார். அவருடைய தலைமுடியில் எவ்வளவு முழுகினாலும் போகாத மா வாசம் ஒன்று இருந்தது.

அதிகம் கதைக்கமாட்டார். "தங்கச்சி, இந்தக் கடுதாசியில என்ன போட்டிருக்கு எண்டு ஒருக்காப் பாக்கிறியளோ?" அந்த நாளில் இதுதான் அவர் சொன்ன நீளமான வசனம். ஒருநாள் எதுவரை படித்தீர்கள் என்று கேட்டேன்.

"நானோ? எட்டாம் வகுப்போடை புத்தகத்தைக் கட்டி வைச்சிட்டன். பிறகு வயலும் உழவு மிசினும்தான்."

நானும் பாதியில் விட்டவள்தான். உயர்தரத்தில் உயிரியல் படித்து, பரீட்சைக்கு முதலே இடம்பெயர்ந்த கதையை முன்பே எழுதிவிட்டேன். பாரிசுக்கு வந்து, காலையில் ஒரு பள்ளிக்கூடத்தில் தரை துடைத்துக்கொண்டிருந்த காலத்தில்தான், படிப்பை முடிக்காத பெரியவர்களுக்கான பரீட்சை ஒன்று இருப்பதாக அறிந்தேன். அதில் சித்தியடைந்தால் ஆஸ்பத்திரி ஆய்வுகூட வேலைக்குப் படிக்கலாம். கிழமையில் இரண்டு நாள் வகுப்பு. எல்லாம் பிரெஞ்சில்.

பாடம் எடுத்த மதாம் நல்ல மனுசி. ஆனால் மூலக்கூறுகளின் வடிவம் என்று தொடங்கிய அன்று நான் தொலைந்துபோனேன். "தூப்ளே நோன் லியான்" என்று சொல்லிச் சொல்லி எழுத்துக்குப் பக்கத்தில் இரண்டு புள்ளி போட்டார். நான் அதைச் சுண்ணாம்புக்கட்டி தவறிப் பட்ட அடையாளம் என்று நினைத்துக் கொப்பியில் எழுதாமலே விட்டேன். அதுதான் தனிச்சோடி என்று எனக்கு விளங்கவைத்தது திரைக்குப் பின்னால் வந்த அந்த ஒரு சொல்.

இன்னொன்றும் எனக்கு உறுத்தியது. விழித்திருக்கும்போது தவம் அண்ணை என்னை "நீங்கள்" என்பார். அந்தக் குரல் "நீர்" என்றது. எங்கள் ஊரில் ஆசிரியர்மார் பெரிய வகுப்புப் பிள்ளைகளோடு அப்படித்தான் கதைப்பார்கள். குரல் அவருடையதுதான், அதே கரகரப்பு. கதைக்கிற விதம் அவருடையதல்ல.

எண்ணும், திருப்பி எண்ணும்

ஒவ்வொரு நாளும் வராது. கிழமையில் இரண்டு நாள், சிலவேளை மூன்று நாள். எப்போதும் இரண்டு மணியை ஒட்டி. எப்போதும் அந்த ஒரே பாடம்.

"முதல் நடு அணுவைப் பிடியும். அதைச் சுத்தி எத்தினை சோடி எண்டு எண்ணும். சோடிக்குச் சோடி ஆகாது, ஒண்டையொண்டு தள்ளும். எவ்வளவு தூரம் விலகேலுமோ அவ்வளவு தூரம் விலகி நிக்கும். ரெண்டு சோடி எண்டா நேர்கோடு. மூண்டெண்டா முக்கோணம். நாலெண்டா நான்முகி. பாடமாக்க ஒண்டும் இல்லை. எண்ணத் தெரிஞ்சாக் காணும்."

நான் கொப்பியை மடியில் வைத்துக்கொண்டு எழுதினேன். பதினேழு வயதில் விளங்காதது அந்தத் திரைக்கு முன்னால் இருந்து விளங்கியது.

"தனிச்சோடி கண்ணுக்குத் தெரியாது. வடிவத்தின்ர பேரிலையும் வராது. ஆனா மற்றச் சோடியளை விடக் கூட இடம் பிடிக்கும். தண்ணி ஏன் வளைஞ்சு கிடக்கு? நீர் பாக்காத ரெண்டு சோடி அங்கை நிண்டு தள்ளுது."

இதை எழுதி முடித்துவிட்டு நான் குசினியை ஒருமுறை சுற்றிப் பார்த்தேன். ஏன் பார்த்தேன் என்று தெரியவில்லை.

நித்திரையில் கதைப்பவருக்குப் பதில் சொல்லக்கூடாது என்று அம்மா சொல்வா. என் சின்ன மாமியின் மகன் ஒருவன் நித்திரையில் கிரிக்கெட் விளையாடுவான். நாங்கள் பக்கத்தில் இருந்து "அவுட்!" என்று கத்துவோம். அவன் கண்ணைத் திறக்காமலே சண்டைக்கு வருவான். அம்மா ஓடிவந்து எங்களுக்கு அடிப்பா. "பதில் சொல்லாதேங்கோ எண்டெல்லோ சொன்னனான்." காரணம் கேட்டால் சொல்லமாட்டா.

நான் பதில் சொன்னேன்.

அன்றைக்குப் புத்தகத்தில் குளோரீனோடு மூன்று புளோரீன் சேர்ந்த ஒரு மூலக்கூறு. மூன்று பிணைப்பு, ஆகவே முக்கோணம் என்று எழுதிவிட்டு, விளையாட்டுக்குச் சொன்னமாதிரி மெல்லிய குரலில் சொன்னேன்: "ரீச்சர், தளமுக்கோணம்."

குறட்டை நின்றது.

"எண்ணினீரோ?"

"இல்லை," என்றேன்.

"எண்ணும். குளோரீனிலை எத்தினை?"

"ஏழு."

"மூண்டு பிணைப்புக்குப் போச்சு. மிச்சம்?"

"நாலு."

"நாலெண்டா எத்தினை சோடி?"

"ரெண்டு."

"அப்ப மொத்தம் அஞ்சு சோடி. மேலை ஒண்டு, கீழை ஒண்டு, நடுவட்டத்திலை மூண்டு. தனிச்சோடி ரெண்டும் எங்கை போகும்? இடம் கூட உள்ள இடத்துக்குத்தானே. நடுவட்டத்துக்கு. இப்ப மிச்சத்தைப் பாரும்."

நான் கடலையில் செய்து பார்த்தேன். நடுவட்டத்தில் இரண்டு இடத்தை வெறுமையாக விட்டேன். மிச்சம் மூன்றும் இங்கிலீஷ் ரீ (T) எழுத்துப்போல நின்றன. புத்தகத்தின் பின்பக்கத்தில் விடை பார்த்தேன். சரி.

அந்த மகிழ்ச்சிக்கு நடுவிலும், நான் பதில் சொன்னது நித்திரையில் இருக்கிறவருக்கு என்பது உறைத்தது. நிறுத்தியிருக்க வேண்டும். நிறுத்தவில்லை. காலை வேலை முடித்து மெத்ரோ படிகளில் ஓடி ஏறி வருவேன், இரண்டு மணியைத் தவறவிடக்கூடாது என்று. வகுப்புச் சோதனையில் மதாம் என் தாளை எல்லோருக்கும் தூக்கிக் காட்டினார். வீட்டில் ஆர் சொல்லித் தாறது என்று கேட்டார். நான் சிரித்துச் சமாளித்தேன்.

தவம் அண்ணைக்கு நான் எதுவும் சொல்லவில்லை. ஆறு மணிக்கு எழும்பி வந்து, "நல்ல நித்திரை தங்கச்சி," என்பார். நான் தேத்தண்ணி கொடுப்பேன். திருட்டுத்தனம் செய்பவளைப்போல இருக்கும்.

இடாப்பு

குளிர்காலம் வந்தது. இரண்டு மணிக்கே லைற் போடவேண்டிய ஒரு நாள். அன்றைக்குப் பாடம் பாடமாகத் தொடங்கவில்லை.

"கவிதா."

நிறுத்தம்.

"நிரோசன்."

நிறுத்தம்.

"பிரதீபன்."

வகுப்பு வரவு இடாப்புக் கூப்பிடுகிறது என்று விளங்க எனக்குக் கொஞ்ச நேரம் எடுத்தது. ஒவ்வொரு பெயருக்குப் பிறகும் ஒரே அளவு இடைவெளி. ஒருவர் எழும்பி "வந்திருக்கிறன்" என்று சொல்லி இருக்கிற அளவு. பதினைந்து, பதினாறு பெயர் போயிருக்கும்.

"சுகிர்தா."

இடைவெளி நீண்டது.

"சுகிர்தா வரேல்லையோ?"

திரைக்குப் பின்னால் மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு, யாரோ தலைகளை எண்ணிப் பார்த்துவிட்டுச் சொல்வதுபோல:

"சரி. இண்டைக்கு ஒராள் கூடுதலா இருக்கு."

நான் நிலத்திலிருந்து கால்களைத் தூக்கிக் கதிரையின் குறுக்குக் கட்டையில் வைத்தேன். அந்த நேரம் பார்த்துப் பிரிஜ்ஜின் இரைச்சல் நின்றது. வீட்டில் எத்தனைபேர் இருக்கிறோம் என்று நான் எண்ணத் துணியவில்லை.

கோட்டை எடுத்துக்கொண்டு, வீட்டுச் செருப்போடேயே இறங்கி ஓடினேன். ரூ பெர்தொனே தெருவில் ஒரு நகைக்கடைக் கண்ணாடிக்கு முன்னால் நெடுநேரம் நின்றேன். சனங்கள் இடித்துக்கொண்டு போனது ஆறுதலாக இருந்தது. பிறகு தேவையில்லாமல் கறிவேப்பிலை வாங்கினேன். ஆறு மணி தாண்டும்வரை வீட்டுக்குப் போகவில்லை.

அடுத்த நாள் இவருக்கு எல்லாவற்றையும் சொன்னேன். சிரித்தார். "படிச்சுப் படிச்சு உமக்கு மண்டை குழம்பிப்போச்சு," என்றார். அந்தக் கிழமை அவருடைய ஓய்வு நாளில் என்னோடு குசினியில் இருந்தார். கையில் ரெலிபோன், ஒலிப்பதிவு ஓடியபடி. இரண்டு மணிக்குக் குரல் வந்தது. தண்ணியை நேர்கோடாகக் கீறிய யாரையோ திருத்திக்கொண்டிருந்தது.

இவர் சிரிக்கவில்லை. பிறகு வெளியே படிக்கட்டுக்கு என்னைக் கூட்டிப்போய்க் கதவைச் சாத்திவிட்டுச் சொன்னார்.

"அவர் கதைக்கிறது எனக்குப் பயமில்லை. இடையிலை விடுற நேரத்தைக் கவனிச்சனீரோ? அதுக்குள்ளை ஆரோ கதைக்கினம்."

இவர் சாத்திய கதவை ஒருமுறை திரும்பிப் பார்த்தார். "வேற இடம் பாக்கச் சொல்லுவம். நல்ல மனுசன்தான். ஆனா எனக்கு இது சரியாப் படேல்லை."

"இந்தக் குளிருக்கை அவர் எங்கை போவார்?"

"அதுக்கு?"

"முதல் அவருக்குச் சொல்லுவம். தன்ர வாயாலை என்ன வருகுது எண்டு அந்த மனுசனுக்குத் தெரிய வேண்டாமோ?"

"கதை என்ரயில்லை"

அடுத்த நாள் பின்னேரம் ஆறு மணி. இவர் வேலைக்குப் போய்விட்டார். தவம் அண்ணை பாணைத் தேத்தண்ணியில் தோய்த்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"அண்ணை, நீங்கள் நித்திரையிலை கதைக்கிறனீங்கள்."

"குறட்டை எண்டு சொல்லுங்கோ, ஏற்பன்," என்று சிரித்தார்.

நான் ஒலிப்பதிவைப் போட்டேன். முதலில் சிரித்தபடிதான் கேட்டார். "எண்ணும், திருப்பி எண்ணும்" என்ற இடத்தில் கையிலிருந்த பாண் துண்டு கோப்பைக்குள் விழுந்தது. அவர் எடுக்கவில்லை.

"திருப்பிப் போடுங்கோ."

இரண்டாம் முறை கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

"இது என்ர குரல்," என்றார்.

"ஓம் அண்ணை."

"கதை என்ரயில்லை. சறோவின்ர."

சறோ அவருடைய மனைவி. சறோஜா ரீச்சர் என்றால் அவர்களுடைய பக்கத்தில் எல்லோருக்கும் தெரியுமாம். உயர்தரப் பிள்ளைகளுக்கு ஒரு கொட்டிலில் இரசாயன ரியூசன் நடத்தினவர். தவம் அண்ணைக்கு ஒரு மனைவி இருந்தார் என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

"ரெண்டு மணிக்கு வகுப்பு. நான்தான் மோட்டச்சைக்கிளிலை ஏத்திக்கொண்டு போறது. கொட்டிலுக்கு வெளியாலை ஆக்கள் இருக்கிற மர வாங்கு ஒண்டு கிடக்கும். விடியப்புறம் வயலுக்குப் போனவனுக்கு ரெண்டு மணிக்கு வேற என்ன வரும்? அதிலை சரிஞ்சனெண்டா, நாலு மணிக்கு அவள் வந்து தோளிலை தட்டித்தான் எழும்புறது. எட்டு வரிசம், தங்கச்சி. ஒரு பாடமும் முழிச்சிருந்து கேக்கேல்லை."

எனக்கு அப்பாடா என்றிருந்தது. காரணம் கிடைத்துவிட்டது. நித்திரையில் காதுக்குள் போனது நித்திரையில் வாயால் வருகிறது. அவர் விட்ட இடைவெளிகள் பிள்ளைகள் பதில் சொன்ன இடைவெளிகள். "அப்ப நான் சொன்னதுக்குச் சரியாப் பதில் வந்தது எப்பிடி?" என்று கேட்டேன்.

"எல்லாப் பிள்ளையளும் ஒரே பிழையைத்தான் விடுவினம் எண்டு வீட்டை வந்து சிரிப்பாள். தனிச்சோடியை எண்ணாமல் விடுறது."

"சுகிர்தா எண்டு…"

"அந்தப் பிள்ளையளைப் பற்றிக் கேக்காதேங்கோ," என்றார்.

பிறகு அவராகவே சொன்னார். சண்டை கிட்ட வந்துவிட்ட காலம். அவரும் சறோவும் பங்கருக்குள். பகல் நேரம். சறோ நித்திரை. மூன்று நாள் கண்மூடாதவள் அப்போதுதான் அயர்ந்திருந்தாளாம். தண்ணீர் எடுக்கத் தவம் அண்ணை கானைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார்.

"எழுப்பிச் சொல்லிப்போட்டுப் போயிருக்கலாம். கூட்டிக்கொண்டும் போயிருக்கலாம். பாவமெண்டு விட்டிட்டுப் போனன். திரும்பி வர, பங்கர் இல்லை."

மேசையில் பாண் துகள்களை விரலால் ஒரு பக்கமாக ஒதுக்கினார்.

"இவ்வளவு வரிசத்திலை ஒருநாளும் கனவிலை வரேல்லை, தங்கச்சி. கோவமாக்கும் எண்டு நினைச்சுக்கொண்டிருந்தன். பாத்தா, ஒவ்வொரு நாளும் வந்து நிண்டிருக்கிறாள். எனக்குத்தான் கேக்கேல்லை."

பதிவை உங்கள் ரெலிபோனுக்கு அனுப்பவா என்று கேட்டேன். வேண்டாம் என்றார். "அவளின்ர குரல் மெல்லிசு. இதைக் கேட்டா அதுவும் மறந்துபோகும்."

கோட்டைப் போட்டுக்கொண்டு வாசல்வரை போனவர் திரும்பி வந்தார்.

"இனி வந்தா… எனக்காக ஒண்டு கேப்பியளோ?"

கேட்டேன்

எனக்கு விருப்பமில்லை. பாடம் கேட்பது ஒன்று, இது வேறொன்று. ஆனால் அந்த முகத்துக்கு முன்னால் எப்படி மாட்டேன் என்பது?

இரண்டு கிழமை ஒரு சத்தமும் இல்லை. ஆறு மணிக்கு எழும்பி வந்து என் முகத்தைப் பார்ப்பார். நான் தலையை ஆட்டுவேன். தேத்தண்ணியைக் குடித்துவிட்டுப் போவார். அந்த நாள்களில் ஒன்றைக் கவனித்தேன். படுக்கப் போவதற்கு முன்பு தவம் அண்ணை முகச்சவரம் செய்தார். தோய்த்து மடித்த சேட் ஒன்றைப் போட்டுக்கொண்டு, பொத்தான்களைக் கழுத்துவரை பூட்டிக்கொண்டு, அதோடு படுத்தார். ஒவ்வொரு மத்தியானமும்.

இவரும் அதைப் பார்த்தார். வேறு இடம் பார்க்கச் சொல்லுவது பற்றிப் பிறகு கதைக்கவில்லை.

மூன்றாவது கிழமை ஒரு வியாழன் குரல் வந்தது. மெதேன், நான்முகி, கோணம். அதே பாடம், அதே இடைவெளிகள். ஓர் இடைவெளியில் நான் எழும்பித் திரைக்குக் கிட்டப் போனேன். மா வாசமும் சவரச் சவர்க்கார வாசமும் வந்தது.

"ரீச்சர்," என்றேன்.

பாடம் நின்றது.

"தவம் அண்ணை ஒண்டு கேக்கச் சொன்னவர். அண்டைக்கு உங்களை எழுப்பாமல் போனதுக்கு… உங்களுக்குக் கோவமோ எண்டு."

சூடாக்கிக் குழாய்க்குள் தண்ணீர் டிக் டிக் என்றது. மேல்மாடியில் யாரோ கதிரையை இழுத்தார்கள். இது எந்தப் பாடத்திலும் இல்லாத கேள்வி. எந்தப் பிள்ளையும் விடாத பிழை. பதில் வராது என்று நினைத்தேன். வரக்கூடாது என்றும் நினைத்தேன்.

"அவர் நித்திரை."

குரல் தணிந்திருந்தது. பக்கத்தில் படுத்திருப்பவருக்குக் கேட்டுவிடாமல் கதைப்பதுபோல.

"சத்தம் போடாதேங்கோ. எழுப்பக்கூடாது. பாவம், விடியத் துவங்கி வேலை செய்த மனுசன்."

அவ்வளவுதான். ஆறு மணிவரை தண்ணீர்க் குழாயைக்கூடத் திறக்கவில்லை.

எழும்பி வந்தவருக்கு ஒரு சொல்லும் மாற்றாமல் சொன்னேன். அவர் ஒரு சப்பாத்தைப் போட்டுவிட்டு மற்றதைக் கையில் வைத்திருந்தார்.

"அப்பிடியே சொன்னவளோ? பாவம் எண்டும்?"

"ஓம் அண்ணை."

அவருக்குப் பொய் நம்பிக்கை கொடுக்கிறேனோ என்று எனக்குப் பயமாக இருந்தது. ஆகவே அதையும் சொன்னேன். நீங்கள் வாங்கில் குறட்டை விடும்போது பிள்ளைகள் சிரித்திருப்பார்கள், அப்போது ரீச்சர் அப்படி அதட்டியிருப்பா, அதுதான் வந்திருக்கும் என்றேன்.

"இருக்கும்," என்றார். "எனக்கு என்னெண்டு தெரியும்? நான் நித்திரையெல்லோ."

போட்ட சப்பாத்தைக் கழற்றினார். இரண்டையும் சுவரோரமாகச் சேர்த்து வைத்தார்.

"தங்கச்சி, ஒரு உதவி. பத்ரோனுக்கு ரெலிபோன் அடிச்சு, எனக்கு இண்டைக்குச் சுகமில்லை எண்டு சொல்லுறியளோ?"

நான் முதலாளிக்கு அடித்துச் சொன்னேன். அவர் திரைக்குப் பின்னால் போய்ப் படுத்தார். அடுத்த நாள் காலையில் நான் வேலைக்குப் போகும்வரையும் எழும்பவில்லை. எங்கள் வீட்டுக்கு வந்த பிறகு அவர் வேலைக்குப் போகாத முதல் நாள் அது.

எபினேயில் ஓர் அறை

கோடை தொடங்கும்போது பரீட்சை எழுதினேன். வடிவங்களைப் பற்றி ஒரு கேள்வி வந்தது. எண்ணினேன், எழுதினேன், சித்தியடைந்தேன். இன்றைக்கு ஓர் ஆஸ்பத்திரி ஆய்வுகூடத்தில் வெள்ளைக் கோட்டோடு நின்று வேலை செய்கிறேன் என்றால், அந்தக் குசினி மேசைதான் காரணம்.

அதற்குச் சற்று முன்பே தவம் அண்ணை பாரிசுக்கு வெளியே எபினே-சூர்-செய்ன் பக்கம் ஓர் அறை பார்த்துவிட்டார். இவர்தான் மறித்தார். "ஏன் அண்ணை, இஞ்சை என்ன குறை?" என்று இரண்டு மூன்று தரம் கேட்டார். ஒரு குறையும் இல்லை என்று தவம் அண்ணை சொன்னார். தனக்கென்று பூட்டுகிற கதவொன்று வேண்டுமாம்.

ஒரு ஞாயிறு மூன்று பேருமாகச் சாமான்களைக் கொண்டுபோனோம். இரண்டு பை, ஒரு சோறு சமைக்கும் சட்டி, சுருட்டிக் கட்டிய மெத்தை. மேல்மாடியில் சரிந்த கூரையோடு சின்ன அறை. ஒரு ஜன்னல், ஒரு கட்டில், மூலையில் கைகழுவுகிற தொட்டி. நான் நிலத்தைத் துடைத்தேன். அவர் கட்டிலுக்குப் புது விரிப்புப் போட்டு, சுருக்கில்லாமல் கையால் தடவிவிட்டார்.

எனக்கு மனது கேட்கவில்லை. "இஞ்சை தனியா இருக்கேக்கை, அவ வந்து கதைச்சாக் கேக்க ஆளில்லையே அண்ணை?" என்றேன்.

"படிச்சு முடிஞ்ச பிள்ளையள் வீட்டை போகத்தானே வேணும்," என்றார். அவர் பகிடி விட்டு நான் கேட்டது குறைவு. சிரித்தேன். பிறகு ஏனோ சிரிப்பு நின்றுவிட்டது.

இவர் ஜன்னலைத் திறந்து பார்த்தார். கூரையில் தலை இடித்துக்கொண்டார். "சின்ன அறையா இருக்கு, அண்ணை. இந்த இடம் காணுமோ?"

தவம் அண்ணை கட்டிலைப் பார்த்தார், கதவைப் பார்த்தார்.

"காணும் தம்பி. எங்களுக்கு இது காணும்."

ட்ராமுக்கு நிற்கிற இடத்துக்கு வந்த பிறகுதான் இவர் கேட்டார்.

"எங்களுக்கு எண்டெல்லோ சொன்னவர்?"

"ஓம்," என்றேன்.